நான் அர்த்தம் சொன்ன ஒரே வார்த்தை

எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் நானும் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேச வேண்டி வந்தால் இன்றும் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் ஓர் ஆங்கில வார்த்தைக்குப் பொருள் சொல்லக் கிளம்பியிருக்கிறாள் என்று தெரிந்தால் என்னோடு படித்தவர்கள் சிரிப்பார்கள். அவர்களிடமும், பொறுமையோடு இதைப் படிக்கப்போகிற உங்களிடமும் இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு நிச்சயமாகத் தெரியும். திடல் நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் எழுந்து நின்று அதற்கு அர்த்தம் சொன்னேன்.

வார்த்தை, ரெட்ரெஸ்.

எழுபதுகளின் கடைசியில் நான் காலையில் டைப்பிங் பழகப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா அம்மா போன பிறகு என்னை வைத்துக் காப்பாற்றியது அண்ணன்தான். மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். குருசுக்குப்பத்தில் ஓட்டுவீடு. டைப்பிங்குக்கு அவரே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கே பயிற்சிக்கு அச்சடித்த தாள்கள் கொடுப்பார்கள். ஒரு தாளில், ரயிலில் வந்த பீங்கான் தட்டுகள் உடைந்துபோனதாக ஒரு வியாபாரி ரயில்வேக்கு எழுதிய கடிதம் இருந்தது. எங்கள் குறையை விரைவில் ரெட்ரெஸ் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று அது முடியும். அந்தத் தாளை எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அர்த்தம் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை வரும்போது எனக்கு ஒரு குஷி வரும். காரணம், அதை அடிக்க வலது கை வேண்டியதே இல்லை. அதன் எழுத்துகள் எல்லாமே இடது கைப் பக்கம்தான் இருக்கின்றன. இடது கை கடகடவென்று ஓடும், வலது கை விருந்தாளி மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும்.

அண்ணனுக்கு மில்லை விட்டால் பெத்தாங்தான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். முதலில் ஒரு சின்ன மரக்குண்டை வீசுவார்கள். பிறகு இரும்புக் குண்டுகளை அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி எறிய வேண்டும். எதிராளியின் குண்டை அடித்து விரட்டவும் செய்யலாம். யாருடைய குண்டு மரக்குண்டுக்கு மிக அருகில் இருக்கிறதோ அவர்களுக்குப் பாயிண்ட். பதின்மூன்று பாயிண்ட் எடுத்தவர்கள் ஜெயித்தவர்கள். மரக்குண்டைப் பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்பார்களாம். எங்கள் ஆட்கள் பன்றியை விட்டுவிட்டுக் குட்டி என்று மட்டும் சொன்னார்கள்.

எங்கள் தெரு முடிவில், கடலை ஒட்டிச் செம்மண் கொட்டி ஒரு திடல் போட்டிருந்தார்கள். கடல் பக்கத்து மூலையில் மட்டும் மழைக்குச் செம்மண் கரைந்துபோய் வெறும் மணல் தெரியும். குட்டிக்கும் குண்டுக்கும் உள்ள தூரத்தில் சந்தேகம் வந்தால் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உருவி அளப்பார்கள். கடைசிக் குண்டை எறிந்தவர்தான் அளக்க வேண்டும் என்பது திடலின் வழக்கம். திடலுக்குத் தலைவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எல்லாரும் அவரை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, முசே என்று கூப்பிட்டார்கள். வெய்யிலோ மேகமோ, தலையில் தொப்பியும் மடிப்புக் கலையாத கால்சட்டையுமாகப் பூவரச மரத்தடி நாற்காலியில் இருப்பார்.

அந்த வருஷத்து இறுதி ஆட்டம் எங்கள் தெருவுக்கும் ரெட்டியார்பாளையத்துக்கும். பெண்கள் திடலுக்குள் போகும் வழக்கம் இல்லை. நானும் அண்ணியும் வலை காயவைக்கும் கம்புகளுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். இரண்டு பக்கமும் பன்னிரண்டு பாயிண்ட். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை. கடைசிக் குண்டை அண்ணன் எறிந்தார். அது உருண்டு உருண்டு போய், கடல் பக்கத்து மூலையில் கிடந்த குட்டிக்கு அருகே நின்றது. மறுபக்கம் அதே அளவு அருகில் ரெட்டியார்பாளையத்து டெய்லரின் குண்டு.

"ஈர்க்கு, ஈர்க்கு" என்று கூட்டம் கத்தியது. அண்ணி என் கையை அப்படி இறுக்கினாள், அவள் வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. அண்ணன் குனிந்து முதலில் டெய்லரின் குண்டை அளந்து அந்த நீளத்துக்கு ஈர்க்கைக் கிள்ளினார். அடுத்துத் தன் குண்டுப் பக்கம் திரும்பக் காலை எடுத்து வைத்தார்.

"முசே, குட்டி நவுந்துச்சு. காலால தள்ளிட்டான், நா பாத்தேன்" என்று டெய்லர் கத்தினார்.

"யாரு தள்னா? நா தொடவேயில்ல."

"தொடாம குட்டிக்குக் காலு மொளச்சி நடந்துச்சா?"

குட்டி நகர்ந்திருந்தது உண்மைதான். கம்புகளுக்குப் பின்னால் இருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. ஒரு விரல்கடை அண்ணனின் குண்டுப் பக்கமாக வந்திருந்தது. கூட்டத்தில் யாரோ "கள்ளாட்டம்" என்றார்கள். பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். முசே எழுந்து வந்து பார்த்தார். பட்டாளத்தில் இருந்தவர், யோசித்து நேரம் கடத்துகிறவர் இல்லை. ஆட்டம் ரெட்டியார்பாளையத்துக்கு என்றார். அண்ணனைப் பார்த்து, "இந்தத் தெடல்ல இனிமே நீ கால் வெக்கக்கூடாது" என்றார்.

அண்ணன் கையில் இருந்த ஈர்க்கைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

திடலோடு போயிருந்தால் பரவாயில்லை. அது மில்லுக்குள்ளும் போனது. அங்கே அவருக்கு 'நவுத்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாருடைய டிபன் பாக்ஸாவது இடம் மாறியிருந்தால், "நவுத்தி இந்தப் பக்கம் வந்தாரா?" என்று கேட்பார்களாம். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அதே ஷிப்டில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது. அது தெரியாத முதல் நாளில் அண்ணியும் விளையாட்டாக, "சோத்துத் தட்டு நவுந்து கெடக்குதே, காலு பட்டுச்சா பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, திடலில் இருந்து குண்டுகள் மோதும் சத்தம் வரும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரியும்.

இப்படியே சில வாரங்கள் போயின. அப்புறம் நண்டு வந்தது.

அன்று வேறு யாரோ இரண்டு தெருக்காரர்களின் ஆட்டம். குட்டி அதே மூலையில், அதே மணலில் போய் நின்றிருந்தது. குண்டை எறியப்போனவர் கையை ஓங்கியபடியே நின்றுவிட்டாராம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டி தானாக அசைந்திருக்கிறது. அசைந்து, ஒரு விரல்கடை உருண்டு நின்றிருக்கிறது. அது இருந்த இடத்தில் மணல் குபுகுபுவென்று பொங்கி, அதற்குள்ளிருந்து ஒரு பொடி நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு மறுபடி உள்ளே போய்விட்டதாம்.

திடலே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்த டெய்லர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாராம். "அடப்பாவி, நீதானா அது?" என்று வளையைப் பார்த்துக் கேட்டாராம். செய்தி ஓட்டமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணி அடுப்படியில் இருந்து ஓடிவந்து, "நண்டாம் நண்டு, நண்டுதான் தள்ளிச்சாம்" என்று குதித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. இனிமேல் அண்ணனைக் கூப்பிட ஆட்கள் வருவார்கள், தெருவே வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒருவர் சைக்கிளை நிறுத்தாமலே, "அண்ணாத்த, அதான் தெரிஞ்சி போச்சே, வந்து ஆடுங்கன்னு முசே சொல்ட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போங்க. மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள் அண்ணி.

"எப்பிடிப் போவ? கள்ளாட்டம்னு தெடல் முழுக்கக் கூவுனாங்க. இல்லன்னு சைக்கிள்ல போறவன் வாசல்ல சொல்லிட்டுப் போறான். கூட்டத்துல சொன்னது கூட்டத்துலதான் போவணும்."

"அதப் போயி நேருல சொல்லுங்களேன்."

"பேச ஆரம்பிச்சா எனக்குக் கோவம் வந்துடும். எழுதிக் குடுத்துடலாம்." என்னைப் பார்த்தார். "இங்கிலீஷ்ல எழுது."

"அங்க இங்கிலீஷ் யாருக்குண்ணா தெரியும்? முசேக்குப் பிரெஞ்சுதான் வரும்" என்றேன்.

"அதான். தமிழ்ல குடுத்தா படிச்சிட்டு மடிச்சி வெச்சிடுவாங்க. இங்கிலீஷ்ல குடுத்தா என்னமோ ஏதோன்னு பத்து பேரக் கூப்ட்டுப் படிக்கச் சொல்லுவாங்க."

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. தமிழும் பிரெஞ்சும் பேசுகிற ஒரு மணல்திடலுக்கு, இரண்டும் இல்லாத மொழியில் மனு. ஆனால் அன்றைக்கு எங்கள் ஊரில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிரெஞ்சு போனபின் காகிதத்துக்குக் கனம் கொடுப்பது இங்கிலீஷ்தான் என்று. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பீங்கான் தட்டுக் கடிதம் ஒன்றுதான். தட்டுகளை எடுத்துவிட்டு அண்ணனை வைத்தேன், ரயில்வேயை எடுத்துவிட்டு முசேயை வைத்தேன். கடைசி வரியை அப்படியே விட்டேன். ரெட்ரெஸ் வந்த இடத்தில் இடது கை தானாக ஓடியது.

மனுவைக் கொடுத்தாயிற்று. அன்று ராத்திரி அண்ணி கேட்டாள், "அதுல இன்னாம்மா கேட்டுக்கீற?"

என்ன கேட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த பெரிய அகராதியைப் புரட்டினேன். குறை நீக்கு, நிவர்த்தி செய், ஈடு செய், சமன் செய், நேராக்கு என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஒரே பூட்டுக்கு இத்தனை சாவியா என்று இருந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். டைப் அடித்ததில் எழுத்து மாறினால் அழித்துத் திருத்துகிறோம். அது திருத்தம், அதில் எந்த எழுத்துக்கும் வலிப்பதில்லை. சைக்கிள் பழுதானால் சரி செய்கிறோம். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறோம். இவை எதற்கும் இந்த வார்த்தையைப் போட முடியாது என்று, உதாரண வாக்கியங்களைப் படிக்கப் படிக்கப் புரிந்தது. சைக்கிளை ரெட்ரெஸ் பண்ண முடியாது. எழுத்துப் பிழையையும் முடியாது. அநியாயத்தை ரெட்ரெஸ் பண்ணலாம், குறையைப் பண்ணலாம், ஒரு பக்கம் தாழ்ந்த தராசைப் பண்ணலாம். அதாவது அந்த வார்த்தை வர வேண்டுமானால் எங்கோ ஒருத்தர் தாழ்ந்து நிற்க வேண்டும். அவர் நிமிர்ந்தால்தான் அந்த வேலை முடிந்தது. நண்டு வந்ததில் தப்பு தெரிந்துவிட்டது, ஆனால் அண்ணன் இன்னும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்திருக்கிறார்.

அது புரிந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அர்த்தம் தெரியாமலே சரியான வார்த்தையைப் போட்டிருக்கிறேன் என்ற சந்தோஷம் வீடு போகும்வரை அடங்கவில்லை.

அண்ணன் கணக்குப் போட்டது பலித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திடலில் கூட்டம் போட்டார்கள். ரெட்டியார்பாளையத்து ஆட்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். எழுதியவரும் வர வேண்டும் என்று சொல்லியனுப்பியதால் நானும் போக வேண்டியிருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திடலுக்குள் நுழைந்தாள். அத்தனை ஆண்களின் பார்வையில் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் ஒண்டினேன்.

திடலின் காரியதரிசி மின்சார ஆபீசில் வேலை பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை நன்றாகவே படித்தார். படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நின்றார்.

"விரைவில் ரெட்ரெஸ் செய்யுமாறு... அதாவது முசே, நடவடிக்கை எடுக்கணும்ங்கிறாங்க."

"இன்னா நடவடிக்க? யாரு மேல? நண்டு மேலயா?" என்றார் முசே.

திடல் சிரித்தது. பின் வரிசையில் இருந்த டெய்லர் எழுந்தார். "ரீ-டிரெஸ்ஸா? பழசக் கழட்டிட்டுப் புதுசு போடணுமா? அப்ப அது நம்ம டிபார்ட்மெண்ட்டு முசே. அளவு எடுத்துக்கட்டுமா?"

இன்னும் பெரிய சிரிப்பு. அண்ணனின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். காரியதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆபீசுல தெனம் எழுதுற வார்த்த. அது இன்னான்னு நின்னு யோசிச்சதில்ல. எழுதுன பொண்ணு இங்கதான இருக்குது, அதையே கேளுங்க" என்றார். நல்ல மனுஷர், கிண்டலாகச் சொல்லவில்லை.

முசே என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. நாங்க இன்னா பண்ணணும்னு இதுல எழுதிக்குது?"

எழுந்தேன். எழுந்துவிட்டேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடல் சத்தம் காதுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. இடது கை விரல்கள் தாவணியின் மேல் அந்த வார்த்தையை அடித்துக்கொண்டிருந்தன. ஒருதரம், இரண்டுதரம். மூன்றாவது தடவையில் குரல் வந்தது.

"தப்பத் திருத்துறது வேற, இது வேற. தப்பு தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சி. அதுல பாதி வேலதான் ஆச்சு. அந்தத் தப்பால யாரு கீழ வுழுந்தாங்களோ, அவங்கள வுழுந்த எடத்துலயே தூக்கி நிறுத்தணும். அதான் இந்த வார்த்த."

அவ்வளவுதான் பேசினேன். உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி என் முழங்காலில் நறுக்கென்று கிள்ளினாள், அது அவள் பாராட்டு.

முசே தாடையைத் தடவினார். "ரெத்ரெசே" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "இது எங்க பட்டாளத்து வார்த்தையாச்சே. கூனி நிக்கிற சொல்தாவப் பாத்து ஒஃபிசியே கத்துவான், ரெத்ரெசே-வூ, நிமுந்து நில்லுடான்னு. இங்கிலீஷ்காரன் இத எப்ப தூக்கினு போனான்?" பிறகு அண்ணனைக் கூப்பிட்டார். "நீ சொல்லு. எப்பிடி நிறுத்தணும்?"

அண்ணன் நேரே முன்னால் வந்தார். கோபப்படுவாரோ என்று நான் பயந்தேன். அமைதியாகவே கேட்டார்.

"எனக்குக் கப்பு வேணாம் முசே. நீங்க அன்னிக்குச் சொன்னத இன்னிக்கு எல்லாரு முன்னாலயும் எடுத்துடுங்க. அப்புறம் அந்த ஆட்டத்த வுட்ட எடத்துலேர்ந்து ஆடணும்."

"வுட்ட எடமா? குண்டுங்க எங்கெங்க கெடந்துச்சின்னு யாருக்கு ஞாபகம் இருக்குது?" என்றார் டெய்லர்.

அவர் அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. திடலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து டீக்கடையிலும் மில் வாசலிலும் அந்த ஆட்டத்தைத்தானே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு எழுந்து மூலைக்கு ஓடினார்கள். "ஒன் குண்டு இங்க, மரத்து வேரப் பாத்தாப்ல." "இல்லய்யா, ஒரு சாண் தள்ளி." "குட்டி இந்தக் குழிக்கு நேரா." எங்கள் தெருக்காரர் குண்டை வைத்தால் ரெட்டியார்பாளையத்துக்காரர் அதை நகர்த்தினார், அவர் நகர்த்தியது சரி என்று எங்கள் ஆளே ஒப்புக்கொண்டார். யார் செய்தது தப்பு என்பதில்தான் அவர்கள் இத்தனை நாளும் ஒத்துப்போகவில்லை, எது எங்கே கிடந்தது என்பதில் ஒருவருக்கும் சண்டையே இல்லை. டெய்லரே கடைசியில் மண்டியிட்டு, தன் குண்டைத் துடைத்து, அது கிடந்த இடத்தில் வைத்தார். குட்டியை முசே வைத்தார். வைக்கும் முன் செருப்புக் காலால் மணலை நன்றாக மிதித்து, "உள்ள இருக்கிறியாடா?" என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு தொப்பியைக் கழற்றி நிமிர்ந்து நின்றார். அவர் தலை வழுக்கை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"கேட்டுக்குங்க. அன்னிக்கு இவரு கால் படல. கள்ளாட்டம் ஆடல. நா சொன்னது தப்பு. இந்தத் தெடல்ல கால் வெக்க இவர யாரும் தடுக்க முடியாது." தொப்பியை மாட்டினார். "ம். அள."

அண்ணன் விளக்குமாற்றில் இருந்து ஈர்க்கை உருவினார். கூட்டம் வட்டமாகக் குனிந்தது. நானும் அண்ணியும் யாரையோ தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டோம், ஒருவரும் எங்களைத் தடுக்கவில்லை. டெய்லரின் குண்டை அளந்தார், கிள்ளினார். அன்று விட்ட இடம் அது. இப்போது காலை எடுத்துச் சுற்றி வந்து தன் குண்டுக்கு வைத்தார். ஈர்க்கு குட்டிக்கும் குண்டுக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முசே மண்டியிட்டுத் தானே அளந்தார். டெய்லர் தன் பையில் இருந்த அளவு டேப்பை எடுத்து விரித்தார்.

"ரெண்டும் ஒண்ணு" என்றார் டெய்லர், தனக்கே நம்ப முடியாமல்.

சமமானால் அந்தச் சுற்று செல்லாது. இன்னொரு சுற்று ஆட வேண்டும். திடல் முழுதும் ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. மாடிவீட்டு ஜன்னல்களில் எல்லாம் தலைகள். ஆறு ஆட்டக்காரர்களும் அங்கேயே இருந்தார்கள். நின்று எறிவதற்கு மண்ணில் வட்டம் போட்டார்கள், குட்டியை வீசினார்கள், இந்தத் தடவை செம்மண்ணில் விழுந்தது. முதல் குண்டு எங்களுடையது, நன்றாகப் போய் நின்றது. அவர்கள் அதை அடித்து விரட்டினார்கள். எங்கள் ஆள் இன்னொன்றை நெருக்கி வைத்தார். டெய்லர் ஒற்றைக் கண்ணை மூடி ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி பார்த்துவிட்டு எறிந்தார். அவர் குண்டு உருண்டு வந்து குட்டியின் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. இடைவெளியே இல்லை. ஈர்க்கு என்ன, நூலே நுழையாது.

மீதி இருந்தது அண்ணன் கையில் ஒரு குண்டு. டெய்லரின் குண்டை நேராக அடித்துத் தூக்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வட்டத்துக்குள் நின்று முழங்காலை மடக்கினார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லும்மா, சொல்லும்மா, எறிஞ்சிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குண்டு அவர் கையை விட்டு மேலே போனது. சாயங்கால வெளிச்சத்தில் மின்னியது. விழப்போகிறது, விழுந்தது, டெய்லரின் குண்டை உரசாமல் ஒரு மயிரிழை தள்ளி. மண் தெறித்தது. குண்டு துள்ளிக் கடல் பக்கமாக ஓடி மணலில் புதைந்தது.

தோற்றுவிட்டோம்.

எங்கள் தெருக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அண்ணன் உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நேராக டெய்லரிடம் போய்க் கையை நீட்டினார். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அந்த முகத்தில் வாரக்கணக்காகப் பார்க்கவில்லை.

"இப்பதான்யா தோத்தேன்" என்றார். "அன்னிக்கு நா தோக்கல. இன்னிக்குத்தான் தோத்தேன்."

டெய்லர் கையைக் குலுக்கினார். "தோத்ததுக்கு இம்மாம் பல்ல காட்டுற ஆள நா இப்பதான் பாக்குறேன். கப்புல பட்டன் போட்டு வெச்சிக்கிறேன், தெரியுமா? நீ ஜெயிச்சிருந்தா பட்டன எல்லாம் எங்கடா கொட்றதுன்னு கவலயா பூட்ச்சி."

"நண்டு வளயில கொட்டு" என்றார் முசே.

எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும். யாரோ பின்னாலிருந்து பழக்கதோஷத்தில் "நவுத்தி, ஒன் குண்ட எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்து, "இப்ப அது நண்டோட பேரு" என்றார். அதற்கும் சிரிப்பு.

அண்ணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போதும் வாங்க வூட்டுக்கு. தோத்த மூஞ்சிக்கு நேத்து மீன் கொழம்பே போதும்."

வழியெல்லாம் அண்ணன் அந்தக் கடைசி எறியைக் கையை வீசி வீசிக் காட்டிக்கொண்டு வந்தார். மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்க வேண்டுமாம். வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "அந்த வார்த்தைய இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது பிரெஞ்சு மாதிரியும் இல்லை, இங்கிலீஷ் மாதிரியும் இல்லை.

இன்று அரசு அலுவலகங்களில் அந்த வார்த்தையைப் போர்டில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். குறை தீர்க்கும் நாள் என்று கீழே தமிழில் இருக்கும். வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு ரசீது கொடுத்து, கவனிக்கப்படும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே போய், ஐயா, இது ரசீது கொடுக்கிற வார்த்தை இல்லை, ஆள் நிமிர வேண்டும் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. அன்றைக்கு ஒருநாள் வந்த குரல் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்தத் தோல்விக்கு மறுநாள் திங்கட்கிழமை. சங்கு ஊதியதும் அண்ணன் காலை ஷிப்டுக்குப் போனார். நான் டைப்பிங்குக்குப் போனேன். மிஷினுக்கு ரிப்பன் வரவில்லை, இன்றைக்கு வகுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.